கோர்ட்டு சொன்னால் அது உண்மையா?

பெங்களூர் ஸ்ரீராமபுரம் பக்கத்தில் ஒரு வாசிப்பு வட்டம். மாலை ஏழு மணிக்குக் கூடுவார்கள். பூ விற்பவர், வீட்டு வேலை செய்பவர், பெயிண்ட் அடிப்பவர், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைப்பவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் தமிழ் பேசுபவர்கள்.

ஒரு நாள் அங்கே பாடம் நடக்கவில்லை. சண்டை நடந்தது.

அந்தத் தெருப் பையன் ஒருவன் மீது திருட்டு வழக்கு. மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்தான். அன்று காலையில் விடுதலை ஆகிவிட்டான்.

"கோர்ட்டே விட்டுருச்சு. அப்போ அவன் திருடலைன்னுதானே அர்த்தம்?" என்றார் பூக்காரம்மா.

"அதெப்படிக்கா? சாட்சி ஒழுங்காச் சொல்லலை. அதான் விட்டுட்டாங்க. அவன் திருடலைன்னு யாரு சொன்னது?" என்றார் தையல்காரர்.

பையனின் அம்மாவும் அந்த வட்டத்தில் படிப்பவர்தான். மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார். "இன்னைக்கு இதையே பேசலாம்" என்றார். அங்கே பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறோம்.

நீதிபதிக்கு என்ன தெரியும்?

ஒரு திருட்டு நடக்கிறது. திருடியவனுக்கு உண்மை தெரியும். பார்த்தவர் யாராவது இருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெரியும். நீதிபதிக்கு ஒன்றுமே தெரியாது. அவர் அந்த இடத்தில் இல்லை.

அவர் முன்னால் மூன்று விஷயங்கள் வரும். ஆட்கள் வந்து சாட்சி சொல்வார்கள். காகிதங்கள் வரும். கத்தி, நகை, துணி போன்ற பொருள்கள் வரும். இவற்றை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும். தனக்குச் சொந்தமாக ஏதாவது தெரிந்திருந்தாலும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

குற்ற வழக்கில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் "நான் செய்யவில்லை" என்று நிரூபிக்கத் தேவையில்லை. "இவர்தான் செய்தார்" என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதுவும் நியாயமான சந்தேகம் எதுவும் மிச்சம் இல்லாமல் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இதைத்தான் வக்கீல்கள் "சந்தேகத்தின் பலன்" என்கிறார்கள்.

ஆகவே விடுதலை என்றால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அவர் செய்யவே இல்லை என்பது ஒன்று. செய்தாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது மற்றொன்று. வெளியே வரும்போது இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன. தெருவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஏன் இப்படி ஒரு விதி? மதுரையில் கோவலன் கதை நமக்குத் தெரியும். சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று பொற்கொல்லன் சொன்னான். பாண்டியன் விசாரிக்கவில்லை. கோவலனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கொன்றுவிடச் சொன்னான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது உள்ளே மாணிக்கம் இருந்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. சாட்சிப் பொருள் அப்போதுதான் சபைக்கு வந்தது. அதற்குள் கோவலன் செத்துவிட்டான். அவசரமாகச் சொன்ன தீர்ப்பைத் திருப்பி எடுக்கலாம். போன உயிரைத் திருப்பி எடுக்க முடியாது.

பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு

சரி, நன்றாக விசாரித்தால் எல்லா நீதிபதிகளும் ஒரே தீர்ப்புத்தானே சொல்ல வேண்டும்? நம் ஊரிலேயே நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். இதைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு அது.

இதை எடுத்துக்கொள்வதற்குக் கட்சி காரணம் அல்ல. அவரை "அம்மா" என்று கும்பிட்டவர்களும் நம் வட்டத்தில் உண்டு. எதிர்த்தவர்களும் உண்டு. ஒரே வழக்கு மூன்று கோர்ட்டுகளில் என்ன ஆனது என்பதை மட்டும் பார்க்கலாம்.

1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை உள்ள காலம். அந்தக் காலத்தில் அவரும் சசிகலா, சுதாகரன், இளவரசி ஆகிய மூவரும் வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு முதலில் சென்னையில் நடந்தது. 2001-ல் ஜெயலலிதா மறுபடியும் முதலமைச்சர் ஆனார். ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்.

சாட்சி மாறினால் தீர்ப்பும் மாறும். தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படித்தான் அந்த வழக்கு பெங்களூருக்கு வந்தது.

முதல் தீர்ப்பு 2014 செப்டம்பர் 27 அன்று வந்தது. இடம், பரப்பன அக்ரஹாரா. நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா. நால்வரும் குற்றவாளிகள் என்றார். நான்கு ஆண்டு சிறை. ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம். முதலமைச்சர் பதவி போனது. தீர்ப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல்.

நால்வரும் அப்பீல் செய்தார்கள். அப்பீல் என்றால் மேல்முறையீடு. கீழே உள்ள கோர்ட்டு சொன்னது சரிதானா என்று மேலே உள்ள கோர்ட்டைக் கேட்பது. அப்பீல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விதான சௌதாவுக்கு எதிரே உள்ள சிவப்புக் கட்டடம்தான் அது. 2015 மே 11 அன்று நீதிபதி சி.ஆர். குமாரசாமி தீர்ப்புச் சொன்னார். நால்வரும் விடுதலை. 919 பக்கம்.

அதே சாட்சிகள், அதே காகிதங்கள். ஒரு கோர்ட்டில் குற்றம். மறு கோர்ட்டில் விடுதலை. எப்படி?

ஒரு கல்யாணச் செலவைப் பாருங்கள். 1995-ல் சென்னையில் சுதாகரன் கல்யாணம் பெரிதாக நடந்தது. அதற்கு 6 கோடியே 45 லட்சம் ரூபாய் செலவானது என்றது அரசுத் தரப்பு. 3 கோடி என்று வைத்துக்கொண்டார் முதல் நீதிபதி. 28 லட்சத்து 68 ஆயிரம் என்றார் உயர் நீதிமன்ற நீதிபதி. கல்யாணம் ஒன்றுதான். பந்தல் ஒன்றுதான். செலவானதும் ஏதோ ஒரு தொகைதான். கோர்ட்டுக்கு ரசீதும் சாட்சியும் மட்டுமே வரும். எந்த ரசீதை நம்புவது, யார் பெண் வீட்டார் செலவு, யார் மாப்பிள்ளை வீட்டார் செலவு என்று ஒவ்வொன்றையும் நீதிபதி தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஒரு கூட்டல் கணக்கு

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தத் தீர்ப்பில் இருந்தது. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி:
மொத்தச் சொத்து 37,59,02,466 ரூபாய்.
மொத்த வருமானம் 34,76,65,654 ரூபாய்.
கழித்தால் 2,82,36,812 ரூபாய்.

இது வருமானத்தில் எத்தனை சதவீதம்? 8.12 சதவீதம். அதாவது நூறு ரூபாய் வருமானம் உள்ளவரிடம் நூற்றெட்டு ரூபாய்ச் சொத்து இருப்பதுபோல. கூடுதல் சொத்து பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்பே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அதையும் காட்டித்தான் விடுதலை தரப்பட்டது.

வருமானத்தில் வங்கிக் கடன்களும் சேர்க்கப்பட்டிருந்தன. பத்துக் கடன்களை வரிசையாக எழுதிக் கீழே கூட்டுத்தொகை போட்டிருந்தார்கள். 24,17,31,274 ரூபாய் என்று இருந்தது. அந்தப் பத்தையும் கூட்டினால் அவ்வளவு வரவில்லை. 10,67,31,274 ரூபாய்தான் வந்தது.

வித்தியாசம் 13 கோடியே 50 லட்சம். இதை வருமானத்திலிருந்து எடுத்துவிட்டுக் கழித்துப் பாருங்கள். வருமானம் 21,26,65,654 ரூபாய் ஆகும். கூடுதல் சொத்து 16,32,36,812 ரூபாய். 8 சதவீதம் எங்கே போயிற்று? 76 சதவீதத்துக்கு மேல் வருகிறது.

அரசுத் தரப்பு வக்கீல் பி.வி. ஆச்சார்யா இதை எடுத்துச் சொன்னார். பத்திரிகைகள் எழுதின. இந்தக் கணக்குக்குப் பெரிய சட்டப் படிப்பு தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். மூன்று மாதம் முன்பு சிலேட்டில் கூட்டல் போடக் கற்றவர்கூட இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். காரணம், அது எழுதப்பட்டிருந்தது. பாண்டியன் காரணத்தை எழுதவில்லை. அதனால் யாரும் சரிபார்க்க முடியவில்லை.

கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்துவிட்டார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு தவறு, முதல் கோர்ட்டுத் தீர்ப்பே சரி என்றார்கள். மற்ற மூவரும் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார்கள். சசிகலா 2021 ஜனவரியில் தண்டனை முடிந்து வெளியே வந்தார்.

ஜெயலலிதா குற்றவாளியா, இல்லையா? தீர்ப்பில் அவருடைய பங்கைப் பற்றியும் நீதிபதிகள் எழுதினார்கள். ஆனால் இறந்தவருக்குத் தண்டனை தர முடியாது. அதனால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போனது என்றார்கள். டீக்கடையில் இதைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. இரண்டு பக்கமும் கையில் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

செய்யாதவர் உள்ளே போனால்?

மேலே சொன்னது பெரியவர்கள் வழக்கு. பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போகப் பணம் இருந்தது. பணம் இல்லாதவர் கதை வேறு.

குடகு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பழங்குடித் தொழிலாளி. அவர் மனைவியைக் காணவில்லை. அவரே போலீசில் புகார் கொடுத்தார். பிறகு பக்கத்து மைசூர் மாவட்டத்தில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. அது அவர் மனைவி, கொன்றது அவர்தான் என்று போலீஸ் வழக்குப் போட்டது. ஒன்றரை ஆண்டு அளவுக்குச் சிறையில் இருந்தார். 2025 ஏப்ரலில் என்ன நடந்தது தெரியுமா? அந்த மனைவியை மடிக்கேரியில் ஆட்கள் உயிரோடு பார்த்தார்கள். அவர் மைசூர் கோர்ட்டுக்கு வந்து நின்றார். செத்ததாகச் சொல்லப்பட்டவரே சாட்சியாக வந்த பிறகு வழக்கு எப்படி நிற்கும்? தொழிலாளி விடுதலை ஆனார். ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது கோர்ட்டு.

அந்த அம்மா மடிக்கேரிக்கு வராமல் வேறு எங்காவது போயிருந்தால்? இந்த விடுதலையை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

பெயர் பெற்றவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் ஆகியோரை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலையில் இவர்களுக்குப் பங்கு உண்டு என்று 1945-ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சென்னையில் அப்பீல் தோற்றது. அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. கடைசி அப்பீல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. வழக்கை மறுபடி பார்க்கும்படி அது சொன்னது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். என்.எஸ். கிருஷ்ணன் மறுபடி சினிமாவில் சிரிக்க வைத்தார். பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவே இல்லை. அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இந்த விடுதலைத் தீர்ப்பு அதற்குப் பதில் ஆகாது.

நம் கையில் இருப்பது

எல்லாம் கேட்டபின் பெயிண்டர் கேட்டார். "அப்போ நம்ம மாதிரி ஆளுங்க என்ன டீச்சர் பண்றது?"

டீச்சர் சொன்னவற்றில் சில இவை.

கோர்ட்டுக்கு வரும் காகிதம் பெரும்பாலும் போலீஸ் நிலையத்தில் தொடங்குகிறது. புகார் கொடுத்தால் அதை எழுதி, படித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பெங்களூரில் அது கன்னடத்தில் இருக்கும். நாம் படித்திருப்பது தமிழ். "எனக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். தவறில்லை. கேட்காமல் ரேகை வைப்பதுதான் ஆபத்து. வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

விசாரணையில் சாட்சியாகப் போலீசிடம் ஒன்றைச் சொன்னால், அதில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. "நான்தான் செய்தேன்" என்று போலீசிடம் ஒருவர் ஒப்புக்கொண்டதாகக் காகிதம் இருந்தாலும், அதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளாது. 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்திலேயே இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. அடித்து ஒப்புக்கொள்ள வைப்பார்கள் என்ற பயம்தான் இதற்குக் காரணம்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும். கோர்ட்டில் நமக்குப் புரியாத மொழியில் ஒருவர் சாட்சி சொன்னால், அதை நமக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். சிறைத் தண்டனை கிடைத்தவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம். அப்பீலுக்குக் கெடு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். அதற்குக் கீழ் உள்ள கோர்ட்டுகளுக்கு 30 நாள். நாள் தவறினால் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? சட்டப் பணிகள் ஆணையம் என்று ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. கோர்ட்டு வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தொலைபேசி எண் 15100.

"சாட்சி சொல்றதையும் எழுதிக்கங்க டீச்சர்" என்றார் பூக்காரம்மா. "நாம பார்த்ததைப் பார்த்தபடி போய்ச் சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்? நம்ம தெருவுல யாரு போனோம்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே தீர்ப்பின் நகல். கன்னடத்தில் இருந்தது. டீச்சருக்குக் கன்னடம் தெரியும். கடைசிப் பக்கத்தை மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னார். குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்கிறோம் என்று இருந்தது.

"என் பையன் திருடலைன்னு எங்கே டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அப்படி எழுத மாட்டாங்கம்மா. நிரூபிக்கலைன்னுதான் எழுதுவாங்க."

அந்த அம்மா நகலை வாங்கி, முதல் பக்கத்தில் மகன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். கன்னட எழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சிலேட்டை எடுத்து அதே பெயரைத் தமிழில் எழுதினார். தையல்காரர் நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "துணைக்கால் விட்டுப்போச்சுக்கா" என்றார்.